கைக்காசு

எங்கள் வீட்டின் விலை 58 லட்சம். யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லிவிடுவேன். பள்ளியில் சக ஆசிரியைகள் கேட்டார்கள், ஊரிலிருந்து வந்த சித்தப்பா கேட்டார், காய்கறிக்கடைக்காரர்கூடக் கேட்டார். அந்த விலைக்கு மேலே எங்கள் கையிலிருந்து எவ்வளவு போனது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். வங்கிக் கடன் எவ்வளவு என்பதை நம் வீடுகளில் வெளிப்படையாகவே பேசுவோம். அதில் ஒரு கௌரவம்கூட இருக்கிறது. கையில் எவ்வளவு இருந்தது, அது எங்கிருந்து வந்தது, யாருடைய நகை அடகுக்குப் போனது என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இந்தக் கூச்சத்தின் பலன் என்னவென்றால், அடுத்து வீடு வாங்கப் போகிறவர் ஒன்றும் தெரியாமலே முன்பணத்தை நீட்டிவிடுகிறார். அதனால் எங்கள் கணக்கு நோட்டை இங்கே திறந்து வைக்கிறேன்.

நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. குரோம்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். மாமியாரும் எங்களோடுதான். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

முதலில் நாங்கள் பார்த்தது கட்டிக்கொண்டிருந்த ஒரு புது அடுக்குமாடி. இரண்டு படுக்கையறை, 72 லட்சம். மாதிரி வீட்டின் பால்கனியில் நின்றபோதே அது எங்கள் வீடு என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். விற்பனைப் பையன், "இருபது பர்சன்ட் உங்க கையில இருந்தா போதும் மேடம், மீதிய பேங்க் பாத்துக்கும்" என்றான். இருபது சதவீதம் என்றால் 14 லட்சத்து 40 ஆயிரம். சேமிப்பு, சீட்டு, கணவரின் பி.எஃப். எல்லாம் சேர்த்தால் தேறிவிடும் என்று தோன்றியது.

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் மூத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சிட்லபாக்கத்தில் வீடு வாங்கி, அதை நிறைவாக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டவர். அவரிடம் சொன்னபோது வாழ்த்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "விலைய எழுதாதே. அவங்க குடுத்த காஸ்ட் ஷீட்ல விலைக்குக் கீழே என்னென்ன இருக்கோ அதை மட்டும் எழுது" என்றார்.

எழுதினேன். கட்டி முடித்த சான்றிதழ் இன்னும் வராத கட்டடம் என்பதால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்: 3 லட்சத்து 60 ஆயிரம். 2023 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் தனியாக 2 சதவீதம். ஆக எங்களுக்கு 7 சதவீதம்: 5 லட்சத்துச் சொச்சம். கார் நிறுத்துமிடம் தனி. மின்சார, குடிநீர் இணைப்புக்குத் தனி. கார்ப்பஸ் நிதி, இரண்டு வருடப் பராமரிப்பு முன்பணம் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் 72 லட்சத்து வீடு 87 லட்சத்தைத் தாண்டி நின்றது. இவ்வளவுக்கும் உள்ளே ஒரு அலமாரி கிடையாது, விசிறி கிடையாது.

அந்தக் கூட்டல் தொகையைவிட அதற்கடுத்து ஆசிரியை சொன்னதுதான் எனக்குப் பெரிய பாடம். வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வீடு என்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் போன்றவற்றை அந்த மதிப்பில் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும் கூடாது. அதாவது எங்களைப் போன்றவர்களுக்கு விலையில் ஐந்தில் நான்கு பங்கு வங்கி தரும். விலைக்கு வெளியே இருக்கிற செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். வீடு வாங்குகிறவரின் கை, வாழ்நாளிலேயே மிகவும் காய்ந்து கிடக்கும் நேரம் அது. அந்த நேரத்தில், அதுவும் கையிலிருந்தே எடுத்து வைக்க வேண்டிய பணம் அது.

அன்று இரவு கணவரும் நானும் அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முப்பது லட்சம் கைக்காசு இல்லாமல் அந்த வீட்டுக்குள் போக முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பால்கனியை நினைத்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு பெண் தன் வீடு என்று நினைத்துவிட்ட இடத்தை விட்டு மனத்தளவில் வெளியேறுவது சின்ன விஷயமில்லை.

அதற்குப் பிறகு பழைய வீடுகளைப் பார்க்கத் தொடங்கினோம். குரோம்பேட்டையிலேயே, இருபது வருடப் பழைய கட்டடத்தில் முதல் மாடி. பன்னிரண்டு குடும்பங்கள். விற்றவர்கள் ஒரு வயதான தம்பதி; மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறார்கள். 58 லட்சத்துக்குப் பேச்சு முடிந்தது. கைமாறும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் பதிவுச் செலவில் புது வீட்டுக்கான சலுகை இல்லை: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்.

இந்தச் சதவீதத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கணவரின் மாமா எட்டு என்றார். என் அக்கா பதினொன்று என்றாள். இருவர் சொன்னதும் பொய்யில்லை. அவரவர் வாங்கிய காலத்துக்கு அது சரி. 2017 ஜூன் வரை பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான். அந்த மாதம் நிலத்துக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் வழிகாட்டி மதிப்பு மறுபடியும் திருத்தப்பட்டது. நாங்கள் பதிந்தது அதற்குப் பிறகு. வீடு வாங்குகிறவர் அனுபவசாலிகளிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், சதவீதத்தை மட்டும் பதிவுத்துறையின் இணையதளத்தில் அன்றைய தேதிக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

58 லட்சத்துக்கு 9 சதவீதம் 5 லட்சத்து 22 ஆயிரம். இந்தத் தொகையைக் கேட்டதும் என் முகம் போன போக்கைப் பார்த்த தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னார். "மேடம், நெலத்துக்கு கைடுலைன், கட்டடத்துக்குத் தேய்மானம் போக மதிப்பு, ரெண்டையும் கூட்டினா 41 தான் வருது. 41க்குப் பதிஞ்சுக்கலாம். மிச்சத்த ரொக்கமா குடுத்துடுங்க. ஒண்ணரை லட்சம் உங்களுக்கு லாபம்."

கணக்கு சரிதான். 17 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 1 லட்சத்து 53 ஆயிரம். ஊரில் பாதிப்பேர் செய்வதுதானே என்று எனக்கும் ஒரு நிமிடம் ஆசை எழுந்தது. கணவர்தான் அமைதியாகக் கேட்டார்: "பதினேழு லட்சம் ரொக்கத்துக்கு எங்க போறது?" பத்திரத்தில் 41 என்று இருந்தால் வங்கி 41க்குத்தான் கடன் தரும், 32 லட்சத்து 80 ஆயிரம்தான் கிடைக்கும். ஒன்றரை லட்சத்தை மிச்சப்படுத்தப் போய்ப் பத்து லட்சத்துக்கு மேல் கைக்காசு கூடும். சொத்து வாங்கும்போது 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவது வருமான வரிச் சட்டப்படி தவறு. நாளை நாங்கள் இதே வீட்டை விற்றால், வாங்கிய விலை 41 என்றுதான் காகிதம் சொல்லும். காட்டாத 17 லட்சமும் லாபமாகக் கணக்கில் ஏறி, அதற்கும் வரி கட்ட வேண்டியிருக்கும். முழு விலைக்கே பதிவது என்று முடிவு செய்தோம். விற்ற தம்பதிக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் செக்காவே குடுத்துடும்மா, ரொக்கத்த வச்சிக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ராத்திரி தூங்க முடியாது" என்றார்.

ஒப்பந்தம் எழுதியபோது 5 லட்சம் முன்பணம் கொடுத்தோம். வங்கி வழக்கறிஞர் கருத்து வேறு, நமக்கென்று ஒரு வழக்கறிஞர் பார்ப்பது வேறு. நாங்கள் 10 ஆயிரம் ரூபாய் கொடுத்துத் தனியாகப் பார்க்கச் சொன்னோம். இந்த மொத்தக் கணக்கில் நான் மனநிறைவோடு கொடுத்த தொகை அதுதான். முப்பது வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், கட்டியவர் நில உரிமையாளரிடம் வாங்கிய அதிகாரப் பத்திரம் எல்லாவற்றையும் படித்துவிட்டு, இடையில் ஒரு பத்திரத்தின் நகல் இல்லை என்று சொல்லி சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து வாங்க வைத்தார். வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, பத்திரத்தில் குறை தெரிந்தாலோ முன்பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தவரும் அவர்தான். அந்த வரி இல்லாமல் கையெழுத்திட்டு முன்பணத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து வங்கி. பரிசீலனைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் கட்டணம். எல்லாம் சேர்ந்து 27 ஆயிரத்துச் சொச்சம். இவை எங்கள் தாளில் ஏற்கெனவே இருந்தவை. தாளில் இல்லாத ஒன்று மதிப்பீட்டாளர் வந்து போன பிறகு நடந்தது. கட்டடத்தின் வயதைக் கணக்கில் எடுத்து, வீட்டின் மதிப்பு 55 லட்சம் என்று எழுதிவிட்டார். வங்கி விலையையும் மதிப்பையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதில்தான் 80 சதவீதம் தரும். 46 லட்சத்து 40 ஆயிரம் கிடைக்கும் என்று நாங்கள் நம்பியிருந்த கடன் 44 லட்சமாகிவிட்டது. ஒரே காகிதத்தில் 2 லட்சத்து 40 ஆயிரம் கைக்காசு கூடிப்போயிற்று.

அந்த வாரம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சீட்டை எடுத்தாயிற்று. பி.எஃப். விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தது, அந்தப் பணம் கேட்ட அன்றே வருவதில்லை. என் வளையல்களும் ஆரமும் ஏற்கெனவே நகைக்கடனில் இருந்தன. அந்த இடைவெளியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். கவரிங் சங்கிலி போட்டுக்கொண்டு போனேன். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் புகைப்படம் எடுக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டே இருந்தேன். வீடு வாங்குகிற குடும்பத்தில் பெண்ணின் கழுத்தில் ஒரு கணக்கு நடக்கிறது. அதைத் திட்டத்தில் எழுதுவதே இல்லை. நகையை வைத்தால் வட்டி உண்டு, மீட்கும் தேதி உண்டு. அதற்கு மாதம் எவ்வளவு என்று இ.எம்.ஐ.க்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று நான் இப்போது எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

அத்தைதான் பேச்சைத் தொடங்கினார். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "எவ்வளவும்மா குறையுது?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பேரில் தபால் நிலையத்தில் 3 லட்சம் வைப்பு இருந்தது எனக்குத் தெரியும். அது அவருடைய கடைசிக் காரியத்துக்கு என்று மாமனார் இறந்த வருடமே ஒதுக்கியது. அதை யாரும் தொடுவதில்லை. "அத எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க பாக்க மாட்டீங்களா?" என்றார்.

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். ஆனால் அந்த வாரம் முழுக்க என் மனதில் அந்த மூன்று லட்சம் ஓடிக்கொண்டே இருந்தது என்பதும், அவர் தானாகக் கேட்க மாட்டாரா என்று நான் காத்திருந்தேன் என்பதும் உண்மை. இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. பணம் குறையும்போது வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் மனம் ஒரு தொகையாகப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. எனக்கு அது நடந்தது. கைக்காசை முன்கூட்டியே, மிகையாகவே கணக்கிடச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் மிகப் பெரிய காரணம் அந்த வாரம்தான். மதிப்பீட்டில் அடிபடும் என்று வைத்து, விலையில் 5 சதவீதத்தையாவது தனியாக வைத்துக்கொண்டுதான் பேரத்திலேயே உட்கார வேண்டும்.

பதிவு நாள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்திர எழுத்தருக்கு 12 ஆயிரம். கட்டணங்களை முன்பே இணையத்தில் கட்டியிருந்தோம். கைரேகை, புகைப்படம், கையெழுத்து. வங்கிக்காரர் வரைவோலையோடு வந்திருந்தார். கிரயம் பதிந்த கையோடு, பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைக்கிற ஆவணத்தையும் பதிந்தார்கள். எம்.ஓ.டி. என்பார்கள். கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, அதற்குப் பதிவுக் கட்டணம் வேறு. எங்களுக்கு முப்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. கடன் வாங்கி வீடு வாங்குகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு செலவு இருப்பதே அந்த நாளில்தான் தெரியவருகிறது. தரகருக்கு ஒரு சதவீதம், 58 ஆயிரம்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குகிறவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவில்லை. விற்பவருக்குத் தரும் தொகையிலிருந்துதான் பிடிக்கிறோம். ஆனால் கட்டத் தவறினால் நம் செலவாகிவிடும். நாங்கள் பதிந்தபோது அதற்கு 26க்யூபி என்ற படிவம்; பிடித்த மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் கட்ட வேண்டும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். வாங்குகிறவர் இருவர், விற்கிறவர் இருவர் என்பதால் எங்களுக்கு நான்கு படிவங்கள். விற்பவரின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று முன்பே பார்க்கச் சொன்னார் வழக்கறிஞர். இணைக்காமல் செயலிழந்த பான் என்றால் ஒரு சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று நமக்கு நோட்டீஸ் வரும். விற்பவர் வெளிநாட்டில் வாழ்பவர் என்றால் இந்த ஒரு சதவீத விதியே பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆடிட்டர் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாவி வாங்கியபோது எங்கள் கையிலிருந்து 20 லட்சத்து 57 ஆயிரம் போயிருந்தது. விலைக்கும் கடனுக்கும் இடையிலான 14 லட்சம். மீதி ஆறரை லட்சம் காகிதங்களுக்கு.

வெறும் வீடு எதிரொலித்தது. அந்தத் தம்பதி எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை. விசிறிகள், வாட்டர் ஹீட்டர், திரைச்சீலைக் கம்பிகள் எல்லாம் அவர்களுடையவை, எடுத்துப் போவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஒப்பந்தத்தில் அதையும் எழுதியிருந்ததால் மனத்தாங்கல் வரவில்லை. எலக்ட்ரீஷியன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏ.சி. லோடு இந்த வயர் தாங்காதுக்கா, எர்த்தும் சரியில்ல" என்றார். வயரிங் முழுவதும் மாற்ற 85 ஆயிரம். இரண்டு குளியலறைகளிலும் தரை கசிந்து கீழ்வீட்டுக் கூரையில் ஈரம். கீழ்வீட்டு அக்கா எங்களை வரவேற்றதே அந்த ஈரத்தைக் காட்டித்தான். ஓடு பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, மறுபடி ஓடு பதிக்க 1 லட்சத்து 70 ஆயிரம். பழைய வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் பணம் போகிறது. வயரும் குழாயும் சரியாகும் வரை வண்ணத்துக்கும் அலமாரிக்கும் போகக்கூடாது என்று கணவர் பிடிவாதமாக இருந்தார். எனக்குச் சமையலறை மீதுதான் கண். அதில் கொஞ்சம் சண்டையும் நடந்தது. கடைசியில் சமையலறையில் அத்தியாவசிய அலமாரிகள் மட்டும் 1 லட்சத்து 60 ஆயிரத்துக்குச் செய்தோம். வண்ணம் 70 ஆயிரம், கொசுவலையும் கதவு வேலையும் 40 ஆயிரம், விசிறி விளக்கு ஹீட்டர் 45 ஆயிரம். ஆக 5 லட்சத்து 70 ஆயிரம்.

வேலை நடந்த இரண்டு மாதமும் இ.எம்.ஐ. 38 ஆயிரமும் வாடகை 18 ஆயிரமும் சேர்ந்து ஓடின. வாடகை வீட்டு முன்பணம் திரும்ப வரும், அதைப் போட்டு வேலையை முடிக்கலாம் என்று பலர் கணக்குப் போடுவார்கள். காலி செய்த பிறகுதான் அது வரும். வரும்போது வெள்ளையடிக்க என்று ஒரு தொகை கழிந்தே வரும். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது. அதை வருமானப் பக்கத்தில் எழுதாமல் விட்டதால் தடுமாறவில்லை.

குடியிருப்போர் சங்கம் 40 ஆயிரம் கேட்டது. லிஃப்ட் மாற்றுவதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் பிரித்த பங்கு. பேரம் பேசும்போதே சங்கச் செயலாளரைப் பார்த்து, விற்பவர் பாக்கி வைத்திருக்கிறாரா, வரப்போகிற பெரிய செலவு என்ன என்று கேட்டிருந்தோம். பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கியிருந்தோம். லிஃப்ட் செலவு அப்போதே தெரிந்ததால் விலையில் கொஞ்சம் குறைத்துப் பேச முடிந்தது. பழைய குடியிருப்பில் வீடு பார்க்கிறவர்கள் வீட்டுக்காரரைப் பார்ப்பதற்கு முன் மொட்டைமாடியையும் மோட்டாரையும் செயலாளரையும் பார்க்க வேண்டும். கோடையில் எத்தனை தண்ணீர் லாரி வரும் என்பதும் மாதச் செலவுதான்.

மின் இணைப்பில் பெயர் மாற்றம், தாம்பரம் மாநகராட்சியில் சொத்துவரிப் பெயர் மாற்றம் இரண்டும் பெரிய தொகையில்லை. ஆனால் தள்ளிப்போட்டால் பழைய பாக்கி நம் வாசலுக்கு வரும். வங்கியில் கடனோடு சேர்த்து ஒரே தவணையாக ஒரு காப்பீடு எடுக்கச் சொல்லி அழுத்தினார்கள். கடனுக்குக் காப்பு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் காட்டிய பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணவர் பேரில் தனியாக ஒரு டெர்ம் பாலிசி எடுத்தோம். செலவு வருடத்துக்கு ஒருமுறை வருவதால் கைக்காசைத் தின்னவில்லை. பழைய வரி முறையில் இருப்பவர்கள் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் கட்டிய வருடத்திலேயே, நாங்கள் கட்டியபோது 80சி என்றிருந்த பிரிவில், ஒன்றரை லட்ச வரம்புக்குள், கழித்துக்கொள்ளலாம்.

கிரகப்பிரவேசத்தைப் பற்றி அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். ஊரையே கூப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவரே சொன்னார்: "பால் காய்ச்சினாப் போதும். சாப்பாடு போடுறதை லிஃப்ட் மாத்தின பிறகு வச்சுக்கலாம், எல்லாரும் மூட்டு வலிக்காரங்க." ஐயருக்கும் பூவுக்கும் காலைப் பலகாரத்துக்கும் 25 ஆயிரம். சாமான் ஏற்றி இறக்க 14 ஆயிரம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் கூட்டிப் போட்டிருக்கும் தொகை 13 லட்சத்து 42 ஆயிரம். இது விலைக்கு மேலே ஆனது மட்டும். கடன் போகக் கொடுத்த 14 லட்சத்தையும் சேர்த்தால் கைக்காசு 27 லட்சத்து 42 ஆயிரம். 58 லட்சத்து வீட்டுக்கு. "இருபது பர்சன்ட் போதும்" என்று அந்தப் பையன் சொன்ன கணக்கில் இது 11 லட்சத்து 60 ஆயிரமாக இருந்திருக்க வேண்டும். விலை இருபது சதவீதத்தில் அடங்கும். குடிபோவதற்கு அதைப்போல இரண்டேகால் பங்குக்கு மேலேயே வேண்டியிருந்தது.

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி ஊரப்பாக்கம் பக்கம் 48 லட்சத்துக்கு வீடு பேசியிருப்பதாகச் சொன்னாள். அவளிடம் என் நோட்டையே கொடுத்துவிட்டேன், அத்தையின் மூன்று லட்சம் எழுதியிருக்கும் பக்கத்தோடு. அந்த மூன்று லட்சத்தை மாதாமாதம் தபால் நிலையத் தொடர் வைப்பில் மறுபடி சேர்த்துக்கொண்டிருக்கிறோம், அத்தை பேரிலேயே. இ.எம்.ஐ. பிடித்த மறுநாள் அதைக் கட்டுகிறோம். நகையில் ஆரம் மட்டும் வந்துவிட்டது. வளையல்கள் இன்னும் இல்லை.

அவள் கடைசியாகக் கேட்டது, கடன் முடிந்த பிறகாவது செலவு நிற்குமா என்பது. சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும். கடனைக் கட்டி முடித்ததும் வங்கி 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததும், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கும். அதற்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.